கேளுங்க அண்ணாச்சி: கடல் கடந்தால் நம்ம லைசென்ஸ் செல்லுமா?

சென்ற இதழில் பாஸ்போர்ட் புதுப்பிப்பது பற்றி எழுதியிருந்தோம். அதற்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தையே கேட்கின்றன: பிள்ளைகளைப் பார்க்கவோ, படிக்கவோ, வேலைக்கோ கொஞ்ச காலம் வெளிநாடு போகிறவர் அங்கே கார் ஓட்டலாமா, அங்குள்ள லைசென்ஸை எடுக்க முடியுமா? அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 61. மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். பி-2 சுற்றுலா விசாவில் ஆறு மாதம் தங்கப் போகிறேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடக் கார் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த ஊர் லைசென்ஸ் எடுக்க வேண்டுமா, இண்டர்நேஷனல் லைசென்ஸ் போதுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம், ஐயா. ஊரில் எல்லாரும் ‘இண்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்கிறோம். ஆனால் அப்படி ஒரு லைசென்ஸ் உலகத்தில் கிடையாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தருவது இண்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். நம் லைசென்ஸில் உள்ள விவரத்தை 1949-ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் மாதிரிப்படி மற்ற நாட்டார் படிக்கிற விதத்தில் எழுதித் தரும் சிறு புத்தகம் அது. நம் அசல் அட்டை கூடவே இருந்தால்தான் அதற்கு மதிப்பு. பெர்மிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டையை வீட்டு பீரோவில் விட்டுப் போனவர் லைசென்ஸ் இல்லாமல் போனவர்தான்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். கலிபோர்னியாவில், வெளிநாட்டிலிருந்து பார்க்க வந்தவர் 18 வயது கடந்து, தன் நாட்டு லைசென்ஸ் காலாவதியாகாமல் வைத்திருந்தால், அந்த மாநில லைசென்ஸ் எடுக்காமலேயே கார் ஓட்டலாம். அங்கே பெர்மிட்டை லைசென்ஸாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் பார்ப்பது உங்கள் இந்திய அட்டையை. ஆனாலும் பெர்மிட்டை எடுத்துப் போங்கள். வாடகைக் கார்க்காரரும், வழியில் நிறுத்தும் போலீஸ்காரரும் அதைப் பார்த்தால் பேச்சு சீக்கிரம் முடியும். நியூயார்க்கிலும் பார்க்க வந்தவருக்கு இதே நிலைதான். ஆனால் ‘குடியிருப்பவர்’ என்று ஆகிவிட்டால் கணக்கு மாறிவிடும்: கலிபோர்னியாவில் வேலைக்கோ நிலையாகவோ தங்குகிறவர் 10 நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸுக்குப் போயாக வேண்டும். நீங்கள் ஆறு மாதத்தில் திரும்புகிறவர், அந்தக் கவலை இல்லை.

உங்கள் வயதில் கவனிக்க வேண்டியது அட்டையில் உள்ள தேதி. 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தாண்டுதான் தருகிறார்கள். அங்கே இருக்கும்போது தேதி முடிந்தால் அன்றைக்கே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். முன்பு இருந்த 30 நாள் சலுகையை 2019 சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. அதே திருத்தம் ஒரு நல்லதும் செய்திருக்கிறது: முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். 40 வயது கடந்தவருக்கு மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். புதிய அட்டை 2024 பிப்ரவரி முதல் ஸ்பீட் போஸ்ட்டில் வீட்டு முகவரிக்குத்தான் வருகிறது, கையில் தருவதில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் திரும்பிப் போய்விடும். டிக்கெட் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பாவது இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். மகளின் காரை நீங்கள் ஓட்டப் போவதை அவர் தன் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து, உங்கள் பெயரைப் பாலிசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் எழுத்தில் வந்தபின் சாவியைத் தொடுங்கள். பார்க்க வந்த அப்பா ஒரு நாள் ஓட்டினால் என்ன என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒரு மருத்துவமனை பில் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே தின்றுவிடும்.

பள்ளிக்கூடப் பாதையில் இரண்டு விஷயங்கள். எண்கோணச் சிவப்புப் பலகையில் ‘ஸ்டாப்’ என்று இருக்கும் முனையில், யாருமே இல்லாவிட்டாலும் வண்டி முழுசாக நிற்க வேண்டும். முழுசாக என்றால், பிரேக்கில் காரின் மூக்கு தாழ்ந்து, திரும்ப நிமிர்ந்து, அசைவு அடங்க வேண்டும். வெள்ளைக் கோட்டுக்கு முன்பாக. அதன்பின் இடம், வலம், மறுபடி இடம் பார்த்து நகர வேண்டும். நாம் ஊரில் செய்வதுபோல் இரண்டாம் கியருக்கு இறக்கி எட்டிப் பார்த்துக்கொண்டே நழுவினால் அதற்கு அபராதம் உண்டு. நாலு பக்கமும் ‘ஸ்டாப்’ பலகை இருந்தால், முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இரண்டாவது, மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து. அது சிவப்பு விளக்கு மின்ன நின்றால் பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, இருவழிச் சாலையில் எதிரே வருகிறவரும் நின்றே ஆக வேண்டும். விளக்கு அணையும்வரை.

பெர்மிட்டை எங்கே, எப்படி வாங்குவது? நான் முதலில் லைசென்ஸ் எடுத்தது சென்னையில். இப்போது குடியிருப்பது அம்பாசமுத்திரத்தில். புரோக்கர் ஆறாயிரம் கேட்கிறார்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

அரசுக் கட்டணம் ரூ.1,000. அவ்வளவுதான். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ‘சாரதி’ என்ற லைசென்ஸ் பகுதிக்குள் போய், லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து, படிவம் 4ஏ நிரப்பி, பணம் கட்டி, ரசீது எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் இப்போது குடியிருக்கும் பகுதிக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டும். அட்டையில் இன்னும் சென்னை முகவரி இருந்தால் அதே தளத்தில் முகவரி மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ‘உங்க ஏரியா இல்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். கொண்டுபோக வேண்டியவை: அசல் லைசென்ஸ், பாஸ்போர்ட், அவற்றின் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். 2021 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பின் விண்ணப்பிக்கும்போது விசாவும் மருத்துவச் சான்றும் கட்டாயம் இல்லை. ஆனாலும் விசாவோ டிக்கெட்டோ கையில் இருந்தால் ஒரு நகல் சேர்த்து வையுங்கள். கவுண்டரில் கேட்டால் வீடுவரை ஓட வேண்டாம்.

மறிக்கிற இடம் ஒன்று உண்டு. பழைய புத்தக லைசென்ஸ், கையால் எழுதிய லேமினேட் அட்டை வைத்திருப்பவர்களின் விவரம் சாரதி தளத்தில் ஏறாமல் இருக்கலாம். எண்ணைப் போட்டால் ‘விவரம் இல்லை’ என்று வரும். அப்போது முதலில் லைசென்ஸ் கொடுத்த அலுவலகம்தான் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். உங்களுக்கு அது சென்னை. நாள் பிடிக்கும் வேலை, முதலில் அதைப் பாருங்கள்.

பெர்மிட் கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் கவுண்டரிலேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வகை வண்டிக்கு முத்திரை விழுந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்: ‘ஏ’ என்றால் இருசக்கர வாகனம், ‘பி’ என்றால் டிரைவர் தவிர எட்டு இருக்கை வரையுள்ள கார். அதன் ஆயுள் ஓராண்டு. அதற்குள் உங்கள் லைசென்ஸ் முடிந்தால் அதுவும் முடிந்தது. கொடுத்த நாளிலிருந்து கணக்கு ஓடும் என்பதால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே வாங்கி வைத்துக்கொள்வதில் லாபம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும்போதே முடிந்துவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கவும் 2021 திருத்தம் இடம் தருகிறது.

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறேன், எஃப்-1 விசா. லைசென்ஸில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கு. சீனியர்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுதாங்க. இது பிரச்சினையா?
– வாசகர், திசையன்விளை

பிரச்சினைதான் தம்பி, அதுவும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே அமைந்த பிரச்சினை. கிளம்புவதற்கு முன் இதைக் கேட்டது நல்லது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் முழுப்பெயரையும் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. விசாவில் விழுந்தது ஐ-94 என்கிற வருகைப் பதிவிலும் விழும். அதன்பின் மாநில லைசென்ஸ் அலுவலகத்தில் கவுண்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரு மாதிரியும், ஐ-94-ஐப் பார்த்து இன்னொரு மாதிரியும் தட்டச்சு செய்தால், ‘சேவ்’ என்ற மத்திய அரசுக் கணினிச் சரிபார்ப்பில் உங்கள் பெயர் பொருந்தாது. உடனே ‘கூடுதல் சரிபார்ப்பு தேவை’ என்று நின்றுவிடும். உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. இரண்டு பதிவேட்டில் இரண்டு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதைத் தீர்க்க நாட்கள் ஆகும்.

காலம் இருந்தால் செய்ய வேண்டியது: விசாவுக்குப் போகும் முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் உங்கள் பெயரை முதல் பெயராகவும் பிரித்து மறுவெளியீடு வாங்குங்கள், அதற்குத் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. அதே எழுத்து வரிசையில் லைசென்ஸிலும் ‘பெயர் மாற்றம்’ சேவைக்கு விண்ணப்பித்து, இனிஷியலை விரித்துவிடுங்கள். ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. ஆங்கிலத்தில் அப்பா பெயரின் கடைசியில் ஒன்றில் ‘எச்’ இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் அதுவும் வேறு பெயர்தான். விசா ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள். ஐ-94-இல் எப்படி இருக்கிறதோ அதே பெயரைத்தான் அங்கே எல்லாப் படிவத்திலும் எழுத வேண்டும்.

அங்கே இறங்கியதும் ஓடிப்போய் வரிசையில் நிற்காதீர்கள். மாணவர்கள் வந்து சேர்ந்து குறைந்தது 10 நாள் கழித்துப் போகச் சொல்கிறது அந்நாட்டு அரசு. கல்லூரி உங்கள் வருகையை ‘செவிஸ்’ என்ற வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் ஏற்றியபின் மேலும் இரண்டு வேலை நாள் விட வேண்டும். அதற்குள் போனால் கணினியில் நீங்கள் இன்னும் நாட்டுக்குள் வராதவர்! ஐ-94-ஐ இணையத்தில் எடுத்து அச்சிட்டு, பாஸ்போர்ட், கல்லூரி தந்த ஐ-20 படிவம், தங்குமிடத்துக்கான இரண்டு சான்றுகள் (வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம் போன்றவை) எல்லாம் அசலாகக் கொண்டுபோங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள்; வேலை இல்லாத மாணவருக்கு அது கிடைக்காது. அதற்குரிய அலுவலகத்தில் ‘இவருக்குத் தகுதி இல்லை’ என்று எஸ்.எஸ்.ஏ.-எல்676 என்ற கடிதம் தருவார்கள். பல மாநிலங்களில் அந்தக் கடிதத்தையே ஏற்றுக்கொள்கிறார்கள். சரிபார்ப்பு நின்றுபோனால் கவுண்டரில் வழக்கு எண் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘சேவ் கேஸ்செக்’ தளத்தில் நீங்களே பார்த்து, முடிந்ததும் போகலாம்.

கிடைக்கும் லைசென்ஸில் ‘தற்காலிகம்’ அல்லது ‘வரையறுத்த காலம்’ என்று இருக்கும். அங்கே தங்க அனுமதித்த நாள்வரைதான் அதன் ஆயுள். முடிவுத் தேதி இல்லாத அனுமதிக்கு ஓராண்டு. 2005-ஆம் ஆண்டு ‘ரியல் ஐடி’ சட்டம் வகுத்தது இது. படிப்புக் காலம் நீளும்போதெல்லாம் புது ஐ-20-ஐக் கொண்டுபோய் லைசென்ஸையும் நீட்டிக்க வேண்டும். இதை மறந்துவிட்டுக் காலாவதியான அட்டையோடு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

என் வீட்டுக்காரர் துபாயில் விசிட் விசாவில் இருக்கிறார், வேலை உறுதியாகிவிட்டது. ஊர் லைசென்ஸ் எட்டு வருஷமாக இருக்கிறது. விசிட்டில் இருக்கும்போதே அங்கே லைசென்ஸ் எடுத்துவிடலாமா?
– வாசகி, கடையநல்லூர்

முடியாது அம்மா. எமிரேட்ஸ் ஐடி என்ற குடியிருப்பு அடையாள அட்டை இல்லாமல் அங்கே லைசென்ஸ் விண்ணப்பம் நகராது. விசிட் விசாவில் இருக்கும்வரை இந்திய லைசென்ஸும் பெர்மிட்டும் காட்டி வாடகைக் கார் ஓட்டலாம். வேலை விசா கிடைத்துக் குடியிருப்பவர் ஆன நாளிலிருந்து அதே பெர்மிட் செல்லாது. கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கத்துப் பிள்ளைகள் வழுக்கி விழுவது இங்கேதான்: ‘பெர்மிட்டில் இன்னும் எட்டு மாதம் இருக்கே’ என்று ஓட்டுகிறார்கள். பெர்மிட்டில் தேதி இருக்கிறது. ஆனால் ஆள் இனி விருந்தாளி இல்லை. அந்த நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிடும்.

சில நாட்டு லைசென்ஸை அப்படியே மாற்றித் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கோப்பு திறந்து, கண் பரிசோதனை செய்து, எழுத்துத் தேர்வு, பார்க்கிங் தேர்வு, சாலைத் தேர்வு என்று போக வேண்டும். ஊர் லைசென்ஸ் இங்கே கை கொடுக்கும்: லைசென்ஸே இல்லாதவருக்குப் பயிற்சி 20 மணி நேரம், இரண்டு முதல் ஐந்தாண்டு வைத்திருந்தவருக்கு 15, அதற்கும் மேல் என்றால் 10. ‘கோல்டன் சான்ஸ்’ என்று பயிற்சி வகுப்பு இல்லாமல் நேரே தேர்வுக்குப் போகும் வாய்ப்பும் உண்டு. ஆனால் ஒரே ஒரு தடவைதான். எட்டு வருஷம் ஓட்டியவர் என்ற தைரியத்தில் உடனே எழுதிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று வகுப்பாவது போய் அந்த ஊர்ப் பார்க்கிங் முறையைப் பழகிய பிறகு போகட்டும்: இரு காருக்கு நடுவே பக்கவாட்டில் நிறுத்துவது, பின்னோக்கிக் கட்டத்துக்குள் விடுவது, சாய்கோணத்தில் நிறுத்துவது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, திடீர் பிரேக். நம் ஊரில் எட்டுப் போட்டுக் காட்டியது இதில் எதற்கும் உதவாது.

பத்து வருஷம் செல்லும் இண்டர்நேஷனல் லைசென்ஸ் ஆன்லைனில் ஐயாயிரம் ரூபாய்க்குத் தருகிறார்களே?
– வாசகர், மேலப்பாளையம்

வாங்காதீர்கள். நம் அரசு தரும் பெர்மிட் ஓராண்டுக்கு மட்டும். பத்து வருஷம் என்று எழுதியிருந்தாலே அது போலி. அதைப் போலீஸிடம் காட்டினால் அபராதத்தோடு போகாது, பொய் ஆவணம் காட்டிய வழக்காகவும் மாறலாம். விசாவுக்கே உலை வைக்கும்.

மகன் இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்கப் போகிறான். அங்கே லைசென்ஸ் எடுப்பது அவனுக்கு லாபமா?
– வாசகி, வள்ளியூர்

ஓராண்டு படித்துத் திரும்புவதென்றால் தேவையில்லை. அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்ஸில் கார் ஓட்டலாம். சாலையும் நம்மைப்போல் இடதுபக்கம். படிப்புக்குப் பின் வேலைக்கு இருப்பதாக எண்ணமிருந்தால் ஆரம்பத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். இந்திய லைசென்ஸை நேராக மாற்றித் தர மாட்டார்கள், 12 மாதம் முடிந்த மறுநாள் அவர் ஓட்டக்கூடாதவர்.

முதலில் பழகுநர் உரிமம்: இணையத்தில் 34 பவுண்டு, தபாலில் 43. ஆறு மாதமாவது அங்கே தங்க அனுமதி இருக்க வேண்டும். இ-விசாவின் ஷேர் கோடு கொடுத்து நிரூபிக்கலாம். அடுத்து தியரி தேர்வு, 23 பவுண்டு: 50 கேள்வியில் 43 சரியாக வேண்டும். அதோடு ‘ஹஸார்ட் பெர்செப்ஷன்’ என்று 14 காணொளிகள். சாலையில் ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் அழுத்த வேண்டும், 75-க்கு 44 எடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் கேள்வித்தாளில் வென்று இதில் தோற்பார்கள். பந்து உருண்டு வருவதைப் பார்த்ததும் பின்னால் குழந்தை வரும் என்று அழுத்தப் பழக வேண்டும். குழந்தை வந்தபின் அழுத்தினால் மதிப்பெண் இல்லை. பதற்றத்தில் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தாலும் அந்தக் காணொளிக்குச் சுழியம்தான்.

கடைசியில் சாலைத் தேர்வு: வார நாளில் 62 பவுண்டு, சாயங்காலமும் வார இறுதியும் 75. தொடங்கும் முன் 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார்கள். சுமார் 40 நிமிடம் ஓட்ட வேண்டும். சிறு தவறுகள் 15 வரை பொறுப்பார்கள். ஒரே ஒரு பெரிய தவறு போதும், தோல்விதான். சந்திப்புகளில் சரியாகப் பார்க்காததும், கண்ணாடி பார்க்காமல் பாதை மாறுவதும்தான் பலரைக் கவிழ்ப்பவை. ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் உரிமம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கனடாவில் ஒண்டாரியோவுக்கு வேலைக்குப் போகிறேன். 12 வருஷம் வண்டி ஓட்டியவன். அங்கே மறுபடி முதலிலிருந்தா?
– வாசகர், சங்கரன்கோவில்

அனுபவத்தைத் தாளில் காட்டினால் பாதி வழி மிச்சம். குடியேறியவர் 60 நாளுக்குள் அங்கத்திய லைசென்ஸுக்கு மாற வேண்டும். முதலில் ஜி1 எழுத்துத் தேர்வு: 40 கேள்வி, விதிகள் 20, சாலைக் குறிகள் 20, ஒவ்வொன்றிலும் 16 வேண்டும். ஒன்றில் 20-ம் இன்னொன்றில் 15-ம் எடுத்தால் தோல்வி. இதன்பின் புதியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து ஜி2 என்ற இடைநிலை உரிமம், பிறகு ஜி என்ற முழு உரிமம் என்று ஏறுவார்கள். கடந்த மூன்றாண்டில் இரண்டாண்டுக்குக் குறையாமல் ஓட்டிய அனுபவத்தை நிரூபிப்பவர் நேரே ஜி தேர்வுக்குப் போகலாம்.

நிரூபிக்க உங்கள் அட்டை மட்டும் போதாது. லைசென்ஸ் முதலில் எப்போது தந்தார்கள், இடைவிடாமல் செல்லுகிறதா என்பதை ஆர்.டி.ஓ. எழுதிக் கொடுக்கும் ‘லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட்’ வேண்டும். சாரதி தளத்திலேயே அதற்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே இந்தியத் தூதரக அலுவலகத்தில் அதற்கு உறுதிச் சான்று பெற வேண்டும். இங்கே ஒரு நாளில் முடிகிற வேலை, அங்கே போனபின் அண்ணனையோ மச்சானையோ ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வைக்கும். புதுப்பித்தபோது அட்டையில் முதல் தேதி மறைந்து புதுத் தேதி மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் எக்ஸ்ட்ராக்ட் உங்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

தாய்லாந்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது.
– வாசகர், தென்காசி

கூடாது. கடைக்காரர் பாஸ்போர்ட் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியைத் தந்துவிடுவார். விழுந்து கை ஒடிந்தால் பயணக் காப்பீட்டுக்காரர் பெர்மிட்டில் ‘ஏ’ முத்திரை எங்கே என்று கேட்பார். இருசக்கர லைசென்ஸ் எடுத்து, அந்த முத்திரையோடு பெர்மிட் வாங்கிப் போங்கள்.

ஜப்பான், ஜெர்மனி, இலங்கை?
– மூன்று வாசகர்கள்; ஏர்வாடி, பாளையங்கோட்டை, காயல்பட்டினம்

ஜப்பானில் 1949 ஒப்பந்தப் பெர்மிட் செல்லும்; நுழைந்த நாளிலிருந்து ஓராண்டு, பெர்மிட்டின் தேதி முன்பே முடிந்தால் அதுவரை. முன்பு சுற்றுலா வந்தவர்கூட ஹோட்டல் முகவரி கொடுத்து ஜப்பான் லைசென்ஸாக மாற்றிக்கொண்டார். 2025 அக்டோபர் 1 முதல் அந்தக் கதவு மூடிவிட்டது: குடியிருப்புச் சான்று கட்டாயம், எழுத்துத் தேர்வில் 10 கேள்வி 50 ஆகி, 90 விழுக்காடு தேவை.

ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் ஊர் லைசென்ஸில் ஓட்டலாம், பெர்மிட் அல்லது மொழிபெயர்ப்பு கூட இருக்க வேண்டும். மொத்தமாக ஓராண்டுக்குள் திரும்பிவிடுவோம் என்று நிரூபிப்பவருக்கு இன்னும் ஆறு மாதம் வரை நீட்டிப்பு உண்டு. அதற்கு மேல் தங்குகிறவர் தியரியும் சாலைத் தேர்வும் கொடுத்தே ஆக வேண்டும். கட்டாய வகுப்புகளுக்கு மட்டும் போக வேண்டியதில்லை. முதலுதவிப் பயிற்சிச் சான்றும் கண் பரிசோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் நம் பெர்மிட்டை அப்படியே காட்டி ஓட்ட முடியாது. கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் அதற்கு அங்கீகாரம் பெற வேண்டும், அல்லது வெரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் துறையில் தற்காலிக உரிமம் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக உரிமம் தரும் கவுண்டர் வந்திருக்கிறது.

வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கு முதல் தடவை போகிறேன். ஊரிலேயே எதைப் பழகிக்கொண்டு போகலாம்?
– வாசகர், களக்காடு

மூன்று பழக்கங்களை இங்கேயே தொடங்கலாம். பாதை மாறும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி பார்த்தபின் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் தெரியாத மூலை ஒன்று இருக்கிறது, அதில் ஒரு பைக் முழுசாக மறையும். தேர்வாளர் கவனிப்பது உங்கள் கண்ணை அல்ல, கழுத்தை. நாலுவழிச் சாலையில் நாங்குநேரி பக்கம் போகும்போது ஒரே தடத்தில் கோட்டைத் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், நினைப்பதைவிடக் கடினம். மூன்றாவது, ஹாரன் இல்லாமல் ஓட்டுவது. வண்ணார்பேட்டையில் அது நடக்காது, தெரியும். ஆனால் ஹாரனை நம்பி ஓட்டுகிறவர் எதிராளி விலகுவார் என்று எண்ணியே வேகம் குறைக்க மறக்கிறார். அந்த மறதிதான் அங்கே ஆளைக் கவிழ்க்கும்.

இங்கே பழக முடியாதது கையும் காலும். நம் மாருதி, ஹூண்டாய் கார்களில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம். அங்கே இடக்கைப் பக்கம். முதல் வாரம் திருப்பத்துக்குத் திருப்பம் வைப்பர் ஓடும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் தேடும் இடது கால் அகலமான பிரேக்கில் இறங்கி, வண்டி நடுரோட்டில் குத்திட்டு நிற்கும். இடது காலைப் பின்னால் மடக்கி, இருக்கைக்கு ஒட்டினாற்போல் வைத்துவிடுங்கள். தப்பான பக்கத்தில் ஏறிவிடுவது நெரிசலில் நடக்காது, முன்னால் போகிறவர் வழிகாட்டுவார். ஆளில்லாத காலை நேரத்தில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை தானாக இடதுபக்கம் திருப்பிவிடும். ஓட்டுநர் இருக்கை எப்போதும் நடுக்கோட்டை ஒட்டியே இருக்க வேண்டும், இதை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பிறந்த பேரன் கோடை விடுமுறைக்கு டவுனுக்கு வருகிறான். 19 வயது. நம் காரை அவன் ஓட்டலாமா?
– வாசகி, திருநெல்வேலி டவுன்

ஓட்டலாம் அம்மா. அங்கேயே கிளம்பும் முன் ‘ஏஏஏ’ என்ற அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கக் கிளையில் இரண்டு புகைப்படமும் 20 டாலரும் கொடுத்து அவர்கள் பெர்மிட்டை வாங்கிவரச் சொல்லுங்கள். அவன் அசல் லைசென்ஸும் பெர்மிட்டும் காரிலேயே இருக்கட்டும். கியர் காரை ஓட்டியிராத பிள்ளையாக இருந்தால் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் முதல் நாளே விடாதீர்கள். ஊருக்கு வெளியே, காலை ஆறு மணிக்கு, பக்கத்தில் நிதானமான ஒருவரை உட்கார வைத்துத் தொடங்கட்டும்.